பங்கா இழுக்கிறவர்

அந்தத் தூணுக்குப் பின்னால உட்காராதீங்க. அங்கேருந்து பார்த்தா பாதி மேடைதான் தெரியும். இங்க வாங்க, என் பக்கத்துல. இந்தப் பையை நான் மடியில வச்சுக்கிறேன். இல்லைங்க, யாருக்கும் இடம் போட்டு வைக்கலை. பைதான் சும்மா உட்கார்ந்திருந்துச்சு.

தனியாவா வந்தீங்க? நானும் தனியாத்தான். நாடகம் பார்க்கணும்னெல்லாம் கிளம்பலைங்க. மலைக்கோட்டைப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். வாசல்ல கூட்டமா இருந்துச்சு, என்னதான் நடக்குதுன்னு பார்ப்போமேன்னு நுழைஞ்சேன். அவ்வளவுதான். இந்தப் புடவையா? பட்டுதான். கைக்கு வந்ததை எடுத்துக் கட்டிக்கிட்டேன்.

முறுக்கு எடுத்துக்குங்க. கூச்சப்படாதீங்க, கடைச்சரக்கு இல்லை. நேத்து நானே உட்கார்ந்து பிழிஞ்சது. வெண்ணெய் போட்டிருக்கேன், வாயில வச்சா கரைஞ்சிடும்.

ஆறரை மணின்னு போட்டிருக்காங்களே தவிர இப்ப ஆரம்பிக்க மாட்டாங்க. தலைமை விருந்தினர் காவேரிப் பாலத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறாராம். அவர் வரணும், குத்துவிளக்கு ஏத்தணும், பொன்னாடை போர்த்தணும், நேரம் இல்லாததால சுருக்கமா பேசறேன்னு ஆரம்பிச்சு அரைமணி பேசணும். அப்புறம்தான் திரை. அதுவரைக்கும் நாம பேசிக்கிட்டிருக்கலாம். எனக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தா தலைவலி வந்துடும்.

நீங்க கவுன்ட்டர்ல கேட்டது என் காதுல விழுந்துச்சு. "அந்தப் பெரியவர் இன்னைக்கு இருக்காரா?"ன்னு கேட்டீங்கல்ல? இருக்காரு, இருக்காரு. பூவராகன் சாரைத்தானே சொல்றீங்க? ஜமீன்தார் வேஷம் எப்பவும் அவருதான். ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. குரல் கணீர்னு கடைசி வரிசை வரைக்கும் வரும். ஏன் அப்படி முழிக்கிறீங்க? இந்த நாடகத்துல அவரை விட்டா வேற எந்தப் பெரியவர் இருக்காரு?

ஓ, நீங்க பார்த்ததில்லையா? உங்க அக்கா புதுக்கோட்டையில பார்த்துட்டுச் சொன்னாங்களா? "அந்தப் பெரியவர் இருந்தா மட்டும் போ, இல்லைன்னா திரும்பி வந்துடு"ன்னு சொல்லி அனுப்பினாங்களா! பூவராகன் சார் கேட்டா பூரிச்சுப் போயிடுவாரு.

அப்ப கதை தெரியாது உங்களுக்கு. சொல்றேன் கேளுங்க. நாடகம் பேரு 'கொண்டல்பேட்டை விருந்து'. இந்தக் குழுவை நடத்துற மாசிலாமணியோட அப்பா எழுதினது. அவர் எழுதினப்பவே அது பழங்கதைதான். வெள்ளைக்காரன் காலத்துல நடக்கிறது. கொண்டல்பேட்டை ஜமீன்தாருக்கு எல்லாம் போச்சு, பங்களாவும் மீசையும்தான் பாக்கி. கலெக்டர் துரை ஒருநாள் விருந்துக்கு வர்றேன்னு சொல்லிடறாரு. துரைக்குத் திருப்தியா இருந்தா ஒரு பட்டம் கிடைக்கும். அதுக்காக ஜமீன்தார் பக்கத்து வீட்டு வெள்ளித் தட்டை இரவல் வாங்குவாரு, கோயில் யானையை வாசல்ல கொண்டாந்து கட்டுவாரு, சமையல்காரனைப் பிடிச்சு, "இவர் என் தம்பி, லண்டன்ல படிச்சவர்"னு உட்கார வைப்பாரு. வாயைத் திறந்தா பொய்தான். அந்தத் துரை எல்லாத்தையும் நம்பற மாதிரியே தலையாட்டிக்கிட்டிருப்பாரு. நல்ல நாடகங்க. எனக்கு முழுசும் மனப்பாடம்.

எப்படியா?

சரி, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. எங்க வீட்டுக்காரர் இதுல இருக்காரு. தாயுமானவன்னு பேரு. ரயில்வேயில இருந்தாரு. கல்யாணத்துக்கு முன்னாடியே இந்தக் குழுவுல சேர்ந்துட்டாரு. என்ன வேஷம்னு மட்டும் கேட்டுடாதீங்க.

கேட்டுட்டீங்களே!

பங்கா இழுக்கிற வேஷம். பங்கான்னா தெரியுமா? கரண்ட் வராத காலத்துல பெரிய வீடுகள்ல கூரையிலேருந்து நீளமா ஒரு துணி விசிறி தொங்கும். ஒரு ஆளு மூலையில தரையில உட்கார்ந்து கயித்தை இழுத்துக்கிட்டே இருந்தா அது முன்னாலயும் பின்னாலயும் ஆடும். அந்த ஆளுதான் இவரு. மேடையில இடது ஓரம். தலையில முண்டாசு, இடுப்புல ஒரு துண்டு. திரை ஏறினதுலேருந்து இறங்குற வரைக்கும் கயிறு, கயிறு, கயிறு. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. யானைப்பாகனுக்குக்கூட "சலாம் எஜமான்"னு ஒரு வரி உண்டுங்க. இவருக்கு அதுவும் இல்லை.

எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. எங்க அக்கா வீட்டுக்காரர் வக்கீல். கல்யாணம் ஆன புதுசுல எல்லார் எதிர்லயும், "சகலை, நாடகத்துல உங்களுக்கு என்ன பாத்திரம்?"னு கேட்டாரு. இவரு வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் முந்திக்கிட்டு, "முக்கியமான பாத்திரம் அத்தான், இவர் இல்லைன்னா நாடகமே நடக்காது"ன்னு சொல்லிட்டேன். இவரு பாயசத்தை வாய்கிட்ட கொண்டு போனவரு, அப்படியே நிறுத்திட்டு என்னைப் பார்க்கிறாரு. கை அந்தரத்துல நிக்குது. எனக்கு மானம் போச்சு.

இது இவருக்கு ஒரு வியாதிங்க. வீட்ல நாலு பேர் வந்தா நாம கொஞ்சம் முன்னப்பின்ன பேசுவோம், இல்லையா? எல்லாரும் பேசறதுதானே. ஓசூர்ல இருக்கிற பொண்ணு தினமும் போன் பண்றான்னு சொல்லுவேன். உடனே இவர் கையில இருக்கிற காப்பி டம்ளர் பாதி வழியில நின்னுடும். வாயும் திறந்தபடி நிக்கும். கண்ணு மட்டும் மெதுவா என் பக்கம் திரும்பும். பொண்ணு தினமும் எங்க பண்றா, ஞாயித்துக்கிழமை பண்ணுவா. அதை நான், "தினமும் இல்லைன்னாலும் வாரம் தவறாம பண்ணிடுவா"ன்னு மாத்திச் சொன்னாத்தான் டம்ளர் வாய்க்குப் போகும். ஒரு வார்த்தை பேச மாட்டாரு. கோபமும் படமாட்டாரு. சாப்பிடறதை நிறுத்திடுவாரு, அவ்வளவுதான். காப்பி ஆறிடுமேன்னு நானே உண்மையைச் சொல்லித் தொலைப்பேன்.

இந்த வியாதி மேடையிலயும் இருக்குங்க, அதுதான் எனக்குப் பெரிய வயித்தெரிச்சல். கயித்தைக்கூட ஒழுங்கா இழுக்க மாட்டாரு! நல்லா ஆடிக்கிட்டிருக்கும். ஜமீன்தார் துரைகிட்ட, "நம்ம லாயத்துல நாப்பது குதிரை நிக்குது"ன்னு சொல்லுவாரு. லாயத்துல ஒரு கழுதைகூடக் கிடையாது. சரியா அந்த இடத்துல இவரு கயித்தை விட்டுடுவாரு. பங்கா நின்னு போயிடும். துரை அண்ணாந்து பார்ப்பாரு, ஜமீன்தார் வேர்த்துக் கொட்டுவாரு. சபையில சிரிப்பு வெடிக்கும். ஜமீன்தார் கைக்குட்டையால துடைச்சுக்கிட்டு, "நாப்பது இருந்துச்சு, எங்க தாத்தா காலத்துல"ன்னு இழுப்பாரு. அப்பத்தான் இவரு தூங்கி எழுந்தவர் மாதிரி மறுபடி இழுக்க ஆரம்பிப்பாரு. இப்படி ஒரு தடவை ரெண்டு தடவை இல்லைங்க, நாடகம் பூரா! பூவராகன் சார் எவ்வளவு உசிரைக் கொடுத்துப் பேசறாரு, இவரு பாட்டுக்கு நடுவுல நடுவுல தூங்கறாரு. அந்த நேரத்துல ஜனங்க சிரிக்கிறப்ப நான் தலையைக் குனிஞ்சுக்குவேன். "உங்க வீட்டுக்காரர் தூங்கிட்டாரு"ன்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு பயம்.

வீட்டுக்கு வந்து கேப்பேன். "ஒரே ஒரு வேலை. அதையும் நடுவுல விட்டா எப்படி?" அவரு சிரிச்சுக்கிட்டே, "கை தானா நின்னுடுது திலகம்"பாரு. திலகவதி என் பேரு. இவரு ஒருத்தர்தான் திலகம்னு கூப்பிடுவாரு.

ஜனங்களுக்குப் பரிதாபம் போலிருக்கு. நாடகம் முடிஞ்சு பின்னால போனா, பூவராகன் சாருக்கு வணக்கம் வச்சுட்டு நேரா இவர்கிட்டதான் வருவாங்க. கையைப் பிடிச்சுக்குவாங்க, போட்டோ எடுத்துக்குவாங்க. காரைக்குடியில ஒரு அம்மா கண்ணுல தண்ணி வர, "ஐயா, நீங்க நல்லா இருக்கணும்"னு கும்பிட்டாங்க. பாவம், இந்த வயசுல தரையில உட்கார்ந்து இப்படிக் கயிறு இழுக்கிறாரேன்னு அவங்களுக்குத் தாங்கலை. எனக்கும்தான் தாங்கலை.

போன ஐப்பசியில ஒரு வழி பிறந்துச்சு. கணக்குப்பிள்ளை வேஷம் கட்டுற ஸ்டீபன் சார் பேத்தியைப் பார்த்துக்கறதுக்காகப் பெங்களூருக்கே போயிட்டாரு. கணக்குப்பிள்ளைன்னா சும்மா இல்லைங்க. கோட்டு, தலைப்பாகை, காதுல பேனா. ஜமீன்தார் பக்கத்துலயே நின்னு அவரோட பொய்க்கெல்லாம் ஆமாம் போடற வேஷம். பக்கம் பக்கமா வசனம். நான் விடுவேனா? நேரா மாசிலாமணி வீட்டுக்குப் போனேன்.

அந்தாளு தயங்கினாரு. "அண்ணி, அண்ணன் உட்கார்ந்திருக்கிற இடம் லேசான இடம் இல்லை. அவர் எழுந்தா நாடகம் உட்கார்ந்துடும்"னாரு. நான் சொன்னேன், "கயிறு இழுக்க ஆளா கிடைக்காது? என் புருஷனுக்கு ஒரு வாய் இருக்குன்னு இந்த ஊருக்குத் தெரிய வேண்டாமா?" அவர் பெண்டாட்டி என் பக்கம் சேர்ந்துக்கிட்டா. மாசிலாமணி வேற வழியில்லாம தலையாட்டினாரு.

இவரு ஒத்துக்கலை. "எனக்கு அது வேண்டாம் திலகம்." நான் அவர்கூடப் பேசறதை நிறுத்திட்டேன். அவரைத் தண்டிக்கிறதா என் நினைப்பு. மனுஷன் நல்லாத் தூங்கினாரு, ரெண்டு வேளையும் திருப்தியா சாப்பிட்டாரு. எனக்குத்தான் தலைவலி தாங்கலை. கடைசியில நானே போய் எதிர்ல உட்கார்ந்தேன். அழுகை வந்துடுச்சு. பொய் அழுகை இல்லைங்க, நிஜமாவே வந்துடுச்சு. அப்ப கேட்டாரு, "உனக்கு அவ்வளவு ஆசையா?" ஆமான்னேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாரு. "சரி"ன்னாரு. அவ்வளவுதான். மறுநாளே வசனத்தை வச்சுக்கிட்டு மொட்டை மாடியில நடந்து நடந்து படிக்க ஆரம்பிச்சுட்டாரு. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷம்! ரவா கேசரி கிண்டினேன்.

நாடகம் தஞ்சாவூர்ல. என் நாத்தனார் சுலோச்சனாவுக்கு ஊரே அதுதான். அவ வீட்டு ஆளுங்க, எங்க அக்கா, அந்த வக்கீல் அத்தான், எல்லாரையும் முன் வரிசையில கொண்டு போய் உட்கார வச்சேன். திரை ஏறுது. கோட்டும் தலைப்பாகையுமா இவரு நிக்கிறாரு. ராஜா மாதிரி இருந்தாருங்க. ஒரு வரி விடலை, ஒரு வார்த்தை தடுமாறலை. இவருக்கு இவ்வளவு குரல் இருக்குன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். மூலையில மாசிலாமணியோட மச்சினர் பங்கா இழுத்தாரு. அவரைப் பார்த்து இவரு கத்துக்கணும்! கடிகாரம் மாதிரி இழுத்தாரு மனுஷன். ஒரு இடத்துலகூட நிறுத்தலை. நாப்பது குதிரைக்கும் ஆடுது, லண்டன் தம்பிக்கும் ஆடுது, எல்லாத்துக்கும் சமமா ஆடுது.

ஆனா பாருங்க, ஜனங்க சிரிக்கவே இல்லை.

பூவராகன் சார் நாப்பது குதிரைன்னாரு. யாரோ இருமினாங்க. லண்டன் தம்பின்னாரு. பின்னால ஒரு குழந்தை தண்ணி கேட்டுச்சு. துரை பங்காவை அண்ணாந்து பார்த்தாரு, அது பாட்டுக்கு ஆடுது, என்ன பண்றதுன்னு தெரியாம மறுபடி குனிஞ்சுக்கிட்டாரு. இடைவேளையில பஜ்ஜி சாப்பிடப் போனவங்கள்ல பாதிப் பேர் திரும்பி வரலை. தஞ்சாவூர்க்காரங்களுக்கு ரசனையே போயிடுச்சுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். முடிஞ்சு வெளிய வர்றப்ப சுலோச்சனா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணனை எதுக்கு அண்ணி எழுப்பி நிக்க வச்சீங்க?"ன்னு கேட்டா. அண்ணன் கோட்டுப் போட்டது தங்கச்சிக்கே பொறுக்கலை பாருங்க. வக்கீல் அத்தான் பஜ்ஜி நல்லா இருந்துச்சுன்னாரு. அது இன்னும் மோசம்.

திரும்பி வர்றப்ப பஸ்ல நான்தான் பேசிக்கிட்டு வந்தேன். "நீங்க பிரமாதம், ஜனங்க சரியில்லை"ன்னேன். "உனக்குப் பிடிச்சுச்சா?"ன்னாரு. "ரொம்ப"ன்னேன். "அப்ப சரி"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

வீட்டுக்கு வந்து அந்தக் கோட்டைத் துவைச்சு மடிச்சு மாசிலாமணிகிட்ட கொடுத்து அனுப்பிட்டாரு. முண்டாசுத் துணியைப் பரண்ல போட்டுட்டாரு. ஒத்திகைக்குப் போகலை. ஏன்னு கேட்டா, "போதும் திலகம்". நல்லதாப் போச்சுன்னுதான் முதல்ல நினைச்சேன். கயிறும் வேண்டாம் கோட்டும் வேண்டாம், மனுஷன் வீட்ல இருக்கட்டும்.

எடுத்துக்குங்க, இன்னொரு முறுக்கு எடுத்துக்குங்க. ஃபிளாஸ்க்ல காப்பியும் இருக்கு. அவருக்குத்தான் கொண்டாந்தேன், இடைவேளையில கொடுக்கலாம்னு. பரவாயில்லை, நிறைய இருக்கு.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங். வீட்ல இருந்தாரு. அதுக்கப்புறம் நடந்ததை யார்கிட்டயும் சொன்னதில்லை. சொன்னா சிரிப்பாங்க. ஒருநாள் எதிர் வீட்டு அம்மா வந்திருந்தாங்க. நான் வழக்கம் போல, "எங்க பொண்ணு எங்களை அங்கயே வந்துடுங்கன்னு ஒரே பிடிவாதம்"னேன். அவ அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லைங்க. ஓரக்கண்ணால இவரைப் பார்த்தேன். டம்ளர் வாய்க்குப் போச்சு. குடிச்சாரு. கீழ வச்சாரு.

எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. கவனிக்கலை போலிருக்குன்னு நினைச்சு, "கார்கூட அனுப்பறேன்னு சொல்றா"ன்னு இன்னும் கொஞ்சம் ஏத்தினேன். மாப்பிள்ளைகிட்ட கார் கிடையாது. மறுபடி எடுத்தாரு, குடிச்சாரு. கண்ணு என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அம்மா போனதும் சமையலறைக்குப் போய் நின்னுக்கிட்டேன். நான் என்ன சொன்னாலும் இவருக்கு இனிமே ஒண்ணுதானா? நான் பேசறது காதுல விழுதா, இல்லையா? இத்தனை வருஷமா அந்த டம்ளர் நிக்கிறப்பெல்லாம் எரிச்சல்பட்டவ, அது நிக்கலைன்னதும் அழறேன். இதை என்னன்னு சொல்றது?

பரிசோதனை பண்ணிப் பார்த்தேங்க. பால்காரர்கிட்ட பொய், போன்ல அக்காகிட்ட பொய், இட்லி மிளகாய்ப்பொடி நான் அரைச்சதுன்னு மேல் வீட்டுக்காரங்ககிட்ட பொய். இவர் எதிர்ல நின்னே சொல்லுவேன். அவரு பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. கடிகாரம் மாதிரி. அந்த மச்சினர் பங்கா இழுத்த மாதிரி.

போன வாரம் மாசிலாமணி வீட்டுக்கு வந்தாரு. "அண்ணே, இந்த ஞாயித்துக்கிழமை நம்ம ஊர்ல நாடகம். பழையபடி வந்து உட்காருங்க. கயிறு உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு"ன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். கோட்டுப் போட்ட மனுஷனை மறுபடி தரைக்குக் கூப்பிடறாங்களே! இவரு டம்ளரும் கையுமா உட்கார்ந்திருக்காரு. நான் முந்திக்கிட்டு, "அவருக்கு அதுல இஷ்டமே இல்லை மாசிலாமணி. என்கிட்டயே சொல்லிட்டாரு. அந்தக் கயித்தை நினைச்சாலே வெறுப்பா இருக்குதாம்"னேன்.

டம்ளர் நின்னுடுச்சுங்க.

பாதி வழியில. வாய் திறந்தபடி. கண்ணு மெதுவா என் பக்கம் திரும்புச்சு. எத்தனை நாள் கழிச்சு! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. மாசிலாமணி அவரைப் பார்க்கிறாரு, என்னைப் பார்க்கிறாரு. அந்த டம்ளர் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. நான் எவ்வளவு நேரம்தான் தாங்குவேன்? "இல்லை மாசிலாமணி. அப்படி அவர் சொல்லலை. நானா சொன்னேன். அவர் வருவாரு"ன்னு சொல்லிட்டேன். இவரு ஒரு வாய் குடிச்சாரு. அன்னைக்குச் சாயங்காலமே ஸ்டூல் போட்டு ஏறி பரண்லேருந்து முண்டாசுத் துணியை எடுத்தாரு. நான்தான் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டேன்.

அதனாலதாங்க இன்னைக்கு இங்க உட்கார்ந்திருக்கேன். வெறுமனே நுழைஞ்சதா சொன்னது சும்மா. நாலு மணிக்கே வந்துட்டேன். இப்பவும் பக்கு பக்குன்னு இருக்கு. மறுபடி கயித்தை நடுவுல விட்டுட்டு நிப்பாரு, சபையே சிரிக்கும், என்னால பார்க்க முடியாது. வழக்கமா அந்த நேரத்துல நான் பூவராகன் சாரைத்தான் பார்ப்பேன், இல்லைன்னா தலையைக் குனிஞ்சுக்குவேன். ஒரு தடவைகூட அப்ப இவர் மூஞ்சியைப் பார்த்ததில்லை.

வந்துட்டாரு பாருங்க விருந்தினர். விளக்கு ஏத்தறாங்க. என்ன, பேசலையாமா? தொண்டை கட்டிடுச்சாமா! நம்ம நல்ல நேரம்.

திரை ஏறுது. அதோ, இடது ஓரம், தரையில. முண்டாசு. இளைச்சிட்டாரு, இல்லைங்க? கையை மட்டும் பாருங்க, எவ்வளவு நிதானமா இழுக்கிறாரு.

என்னங்க இது? இன்னும் ஒண்ணும் நடக்கலை, அதுக்குள்ள கை தட்டறாங்க. பூவராகன் சார் இன்னும் மேடைக்கே வரலையே. யாருக்குத் தட்டறாங்க? பின்னால எல்லாம் எழுந்து நின்னுல்ல தட்டறாங்க. நீங்களும் தட்டறீங்க!

இதோ பூவராகன் சார் வந்துட்டாரு. துரையும் வந்தாச்சு. கேளுங்க, குதிரை வசனம் இப்ப வரும். "நம்ம லாயத்துல நாப்பது..." போச்சு. நிறுத்திட்டாரு. நான் சொன்னேன்ல, நிறுத்திட்டாரு!

எப்படிச் சிரிக்கிறாங்க. நீங்களும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறீங்களே. குதிரை வசனம் அவ்வளவு நல்லா இருக்கா? என்ன? அங்க இல்லையா? எங்க பார்க்கச் சொல்றீங்க? அவரையா? அவர் ஒண்ணும் பேசவே இல்லையேங்க.

இருங்க.

கயிறு பாதியில நிக்குது. வாய் திறந்திருக்கு. கண்ணு மட்டும் மெதுவா... ஐயையோ. அது எங்க வீட்டு மூஞ்சிங்க. டம்ளர் மட்டும்தான் இல்லை.

துரை அண்ணாந்து பார்க்கிறாரு. ஜமீன்தாருக்கு வேர்க்குது. இவரு கண்ணு அவங்களையும் தாண்டி வருதே. கீழ வருதே. முதல் வரிசை, ரெண்டாவது வரிசை... என்னைப் பார்க்கிறாருங்க. சத்தியமா என்னைத்தான் பார்க்கிறாரு.

ஏங்க, அந்த முறுக்கு நான் செஞ்சதில்லைங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு கடையில வாங்கினது. இந்தப் புடவையும் கைக்கு வந்ததை எடுத்துக் கட்டினதில்லை. இவர் மறுபடி மேடை ஏறுறாருன்னு பெட்டியிலேருந்து தேடி எடுத்துக் கட்டினது.

பாருங்க, பங்கா ஆடுது.